கடைவாய்ப்பல் வருகிறது

நான் வாழ்க்கைப்பட்டது பல் டாக்டர் வீட்டில் என்று சொன்னால், உனக்கென்ன கவலை, பல்லைக் காட்டிக்கொண்டே காலத்தை ஓட்டலாம் என்பார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாது. ஒரு பல் டாக்டர் இருக்கிற வீடு வேறு, எல்லோரும் பல் டாக்டராக இருக்கிற வீடு வேறு. என் மாமனார் பல் டாக்டர், ஊருக்கே பெரிய டாக்டர். நாத்தனார் பல்லுக்குக் கம்பி கட்டுவதற்கென்று தனியாகப் படித்தவர், அதனால் கம்பி டாக்டர். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர் என் கணவர். நாற்பது வயதாகியும் சின்ன டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. மாடிப்படி வரைக்கும் மருந்து வாசனை வரும்.

எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டே வகை. ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் பேஷன்ட். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள், ஆகையால் கல்யாணமான நாளிலிருந்து பேஷன்ட். தலைவலி என்று உட்கார்ந்தால் ஞானப்பல் என்பார்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் தாடையில் கோளாறு. ஒருமுறை படியில் வழுக்கி விழுந்து முழங்காலில் ரத்தம் வழிய நொண்டிக்கொண்டு வந்தேன். பெரிய டாக்டர் பதறிப்போய் ஓடிவந்து, விழும்போது பல்லைக் கடித்தாயா என்று கேட்டார். அவருக்கு என்மேல் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். பாசமெல்லாம் பல் வழியாகத்தான் வரும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு முதல் பார்வை என்று பெயர். வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாக எந்தப் பல் முளைத்தாலும் அதைப் பெரிய டாக்டர்தான் முதலில் பார்க்கவேண்டும், அதுவும் கிளினிக்கில் இருக்கிற அவருடைய பழைய நாற்காலியில் சாயவைத்துத்தான் பார்க்கவேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் அதற்கு முன்னால் எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்ததும் ஒரு புகைப்படம். கிளினிக் நடையின் இரண்டு பக்கச் சுவரிலும் இந்தப் புகைப்படங்கள்தான். என் கணவர், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள், ஒன்றுவிட்ட உறவுகள் என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகத் தொங்குகிறார்கள். புதிதாக வருகிற பேஷன்ட்டுகள் அந்த நடையைத் தாண்டுவதற்குள் பாதி தைரியத்தை இழந்துவிடுவார்கள்.

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிறது. பால்பற்கள் சின்னச் சின்னதாக நெருக்கமாக இருக்கும் என்பதால் பெரிய டாக்டர் அவளுக்கு அரிசி என்று பெயர் வைத்திருந்தார், வீட்டில் எல்லோருக்கும் அவள் அரிசிதான். அந்த வருடம் முழுக்க வீட்டில் ஒரே எதிர்பார்ப்பு, அரிசிக்கு முதல் கடைவாய்ப்பல் எப்போது வரும் என்று. எங்கள் பரம்பரைக்கு எல்லாம் சீக்கிரமே முளைத்துவிடும், இந்த மாதமே வந்துவிடும் என்று பெரிய டாக்டர். கடைவாய்ப்பல் பிறகு, முதலில் கீழ் முன்பல்தான் விழுந்து முளைக்கும் என்று கம்பி டாக்டர். சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் மகளும் இதற்காக முறைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தார்கள். என் கணவர் எந்தப் பக்கமும் சேராமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அவருக்கு அது கைவந்த கலை.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு நடுவில்தான் அரிசி ஒரு காலையில் காய்ச்சலோடு எழுந்தாள்.

முந்தின நாள் இரவு நன்றாக விளையாடிவிட்டுத் தூங்கின குழந்தை. காலையில் தொட்டால் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தொண்டை வலிக்கிறது என்று கையால் காட்டினாளே தவிர வாயால் சொல்லவில்லை. பால் கொடுத்தேன், ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டாள். தண்ணீரும் அப்படித்தான். எச்சிலைக்கூட விழுங்காமல் வாயோரம் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது ஒழுகினது, அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. துண்டை மடித்துத் தாடைக்குக் கீழே பிடித்தேன், சீக்கிரமே நனைந்துவிட்டது. என் கணவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுக் கீழே கிளினிக்குக்கு இறங்கிப் போனார்.

குழந்தைகள் டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று சொல்லிக்கொண்டே நான் செருப்பைப் போட்டேன். பெரிய டாக்டர் படியேறி வந்து பார்த்தார். காய்ச்சல், எச்சில், சாப்பிட மறுப்பு என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“கடைவாய்ப்பல்மா. வந்துடுச்சு.”

அவ்வளவுதான், வீடு கல்யாண வீடாகிவிட்டது. அரிசிக்குக் கடைவாய்ப்பல் வருகிறது என்று குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் செய்தி போட்டார். இந்தக் குழுவிலும் பாதிப்பேர் பல் டாக்டர்கள்தான். வாழ்த்துகள் கொட்டின. ஒரு சித்தப்பா மேலா கீழா என்று கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற இன்னொருவர், அந்த ஊரில் அப்போது நடுராத்திரி, தூங்காமல் உட்கார்ந்து ஒரு முழுநீளக் கட்டுரையே அனுப்பினார். குழந்தைக்கு எவ்வளவு காய்ச்சல் என்று ஒருவரும் கேட்கவில்லை. பல் முளைத்தால் இவ்வளவு காய்ச்சல் வருமா மாமா என்று நான் கேட்டதை, பேஷன்ட்டுகள் கேட்கிற கேள்வி என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதல் பார்வை முடியட்டும், அப்புறம் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போய்க்கொள் என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழே நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவருடைய தோளில் அரிசி சாயவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். காய்ச்சல் வந்தால் யார் தோள் கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடுகிற குழந்தை அவள். இப்போது நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் மிரண்டிருந்தன.

கீழே நடையில் பேஷன்ட்டுகள் காத்திருந்தார்கள். முகம் வீங்கின ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார், அடுத்து அவருடைய முறை. வீட்டில் விசேஷம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் அவரை உட்காரவைத்தார். கம்பி டாக்டர் தன் அறையிலிருந்து கேமராவோடு வந்துவிட்டார். என் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தவர், திரும்பி அரிசியைப் பார்த்தார். குழாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டாள். உடம்பு முன்பக்கம் சாய்ந்திருந்தது, தாடையை நீட்டி, வாயைத் திறந்தபடி வைத்திருந்தாள். எச்சில் நூலாக மடியில் விழுந்தது.

பெரிய டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தியா, நாம சொல்லாமலே வாயைத் திறந்து வச்சிருக்கா. டாக்டர் வீட்டுப் பிள்ளை.”

எச்சில் இவ்வளவு ஊறினால் அது கீழ் முன்பல்தான் என்றார் கம்பி டாக்டர். தன் கட்சி ஜெயிக்கவேண்டும் என்கிற வெறி அவருக்கு. அரிசி என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டாள். அது அவளுடைய குரலே இல்லை. வாய் நிறையச் சுடுசோற்றை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல அமுங்கி வந்தது. ஈறு வீங்கினால் பேச்சு குழறும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. இந்த வீட்டில் விளக்கத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

பெரிய டாக்டர் காலால் பெடலை அழுத்தினார். நாற்காலியின் முதுகு மெதுவாகச் சாயத் தொடங்கியது. அரிசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சாயமாட்டேன் என்று முழுப் பலத்தோடு முன்னால் வந்தாள், மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த இழுப்பில் ஒரு சத்தம் கேட்டது. மூச்சை வெளியே விடும்போது கேட்கவில்லை, உள்ளே இழுக்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு கரகரப்பு. எனக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பல் முளைத்தால் மூச்சில் சத்தம் வராது என்று தெரிந்துகொள்ள ஒரு பட்டமும் தேவையில்லை.

அடம் பிடிக்கிறாள், தோளைப் பிடி என்று கம்பி டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் மறுபடி பெடலை மிதித்தார். நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. மிதித்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், அசையவில்லை. விளக்கு எரிகிறது, நாற்காலிக்கு மட்டும் என்ன கேடு என்று குனிந்து பெடலை ஆராயத் தொடங்கினார்.

நான் நிமிர்ந்தேன். சுவரோரம் என் கணவர் நின்றிருந்தார். அவருடைய கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. கையில் நாற்காலியின் பிளக்.

எங்கள் கண்கள் சந்தித்தன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் நான் இவ்வளவு பயத்தைப் பார்த்ததில்லை. பஞ்சு எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்தார். உதடு அசையாமல் பேசினார்.

“இது பல் இல்ல. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அவளைச் சாய்க்காத, அழவிடாத, யாரையும் வாய்க்குள்ள எதையும் விட விடாத.”

“உங்கப்பாகிட்ட சொல்லுங்க.”

“நீ கூப்பிடு. அப்பா காதுல விழாம.”

குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் பரீட்சையில் பிட் அடிக்கிற பிள்ளைகள் மாதிரி ரகசியம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அங்கேயே அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. அரிசியை அப்படியே நிமிர்ந்த வாக்கில் தூக்கிக்கொண்டேன். பக்கத்தில் எக்ஸ்ரே அறை இருந்தது, கதவைக் காலால் தள்ளினேன். எக்ஸ்ரே எடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நல்ல யோசனை என்று பின்னாலிருந்து பெரிய டாக்டர் பாராட்டினார். எனக்கு அவரிடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு அது.

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து அவளை மடியில் முன்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எண்ணை அடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் அவசரப்படாமல், ஆனால் ஒரு வார்த்தை வீணாக்காமல் கேட்டாள். எச்சில் ஒழுகுகிறதா, விழுங்குகிறாளா, குரல் மாறியிருக்கிறதா, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறதா, எப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், இல்லை, ஆமாம், ஆமாம், முன்னால் குனிந்து. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் குரல் மாறியது. வண்டி கிளம்பிவிட்டது என்றாள். குழந்தைக்கு எப்படி உட்காரப் பிடிக்கிறதோ அப்படியே விடச் சொன்னாள். தொண்டையைப் பார்க்கிறேன் என்று கரண்டி, விரல், டார்ச் எதையும் கொண்டுபோகக் கூடாது, குடிக்கவும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றாள். பிறகு கேட்டாள்.

“எங்க இருந்து பேசறீங்க? பக்கத்துல டாக்டர் யாராவது இருக்காங்களா?”

“மூணு பேர் இருக்காங்க. அதனாலதான் கூப்பிடறேன்.”

அந்தப் பெண் வண்டி வருகிறவரைக்கும் லைனிலேயே இருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டினேன். பெரிய டாக்டர் எந்த நிமிடமும் வாய்க்குள் விட்டுப் பல்லைப் பார்க்கிற கண்ணாடிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். அந்த நேரம் என் கணவரின் குரல் கேட்டது. அவர் கேட்டார், ஏன்ப்பா, முதல் கடைவாய்ப்பல் மேல்தாடையில்தானே முதலில் வரும் என்று.

முதலில் எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகுதான் புரிந்தது. பல் மருத்துவம் படித்த யாருமே கேட்கக் கூசுகிற கேள்வி அது, இவர் வேண்டுமென்றே வாயைக் கொடுக்கிறார். இந்த வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பித்தால் பசித்தாலும் முடியாது, கரண்ட் போனாலும் முடியாது. அப்பாவும் மகளும் பழைய சண்டையெல்லாம் மறந்து ஒன்று சேர்ந்து இவர்மேல் பாய்ந்தார்கள். கீழ்த்தாடைதான் என்று கம்பி டாக்டர் புத்தகத்தை எடுத்துவரப் போனார். நீயெல்லாம் எப்படிப் பாஸ் செய்தாய் என்று பெரிய டாக்டர் பழைய கதையை ஆரம்பித்தார். கல்லூரியில் என் கணவர் ஒரு பரீட்சையில் தோற்றுத் திரும்ப எழுதினவர். பெரிய டாக்டர் வாழ்நாளில் தோற்றதே இல்லை. இந்தக் கதையை நாங்கள் பண்டிகை தவறாமல் கேட்டு வருகிறவர்கள். இவரும் விடாமல், சில பேருக்கு மேலே வருவதில்லையா, அன்றைக்கு ஒரு பேஷன்ட்டுக்கு வரவில்லையா என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

என் மடியில் அரிசியின் முதுகு ஏறி இறங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழிந்து குழிந்து போனது. உதட்டில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் அவளுடைய காதில் என்னென்னவோ சொன்னேன், ஒன்றும் ஞாபகமில்லை. அழக்கூடாது என்று அவளிடம் சொல்லவில்லை, எனக்குத்தான் சொல்லிக்கொண்டேன். நான் அழுதால் அவள் அழுவாள், அவள் அழுதால் இருக்கிற கொஞ்சம் வழியும் அடைத்துக்கொள்ளும். என் குழந்தை செத்துப்போய்விடுவாள் என்று நினைத்தேன். அடுத்த அறையில் மேல்தாடையா கீழ்த்தாடையா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றபோது, ஊசி போட்ட பேஷன்ட் யாரோ மயங்கிவிட்டார் என்று நினைத்துப் பெரிய டாக்டர் முதலில் நடைக்கு ஓடினார். அங்கே எல்லோரும் தெம்பாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தாண்டிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு வந்தார்கள். அரிசியை ஒரு பார்வைதான் பார்த்தார்கள். படுக்கையை வெளியிலேயே விட்டுவிட்டு, அம்மா மடியிலேயே வரட்டும் என்றார்கள். ஒருவர் ஆக்சிஜன் குழாயை அவளுடைய முகத்தில் வைக்காமல், பயந்துவிடாதபடி சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

நடையில் பெரிய டாக்டர் குறுக்கே நின்றார். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் பல் முளைத்ததற்கு ஆம்புலன்ஸா, அதுவும் பேஷன்ட்டுகள் முன்னால். கையில் கண்ணாடிக் கம்பி, மறுகையில் டார்ச்.

“ஒரே நிமிஷம். ஒரு பார்வை பாத்துட்டு அனுப்பிடறேன்.”

கம்பி அரிசியின் முகத்துக்கு நேராக வந்தது. அவள் தலையைப் பின்னால் இழுத்தாள், அந்தச் சத்தம் இன்னும் உரக்கக் கேட்டது. நான் திரும்பிக்கொள்வதற்குள் என் கணவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சின்ன டாக்டர் பெரிய டாக்டரின் கையைப் பிடித்ததை அந்தச் சுவரில் தொங்கினவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“வேண்டாம்ப்பா. அது பல் இல்ல, தொண்டை. இப்ப தொட்டீங்கன்னா அவளுக்கு மூச்சு நின்னுடும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

என் கணவர் பிடியை விடவில்லை. அந்த இடைவெளியில் நான் குழந்தையோடு வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். யாரும் அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, ஒரு ஊசிகூடக் குத்தவில்லை. மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண், அரிசியின் உயரத்துக்குக் குனிந்து பேசினார். நான் மடியில் வைத்துக்கொண்டே ஆபரேஷன் அறை வரைக்கும் போகவிட்டார்கள். முகத்துக்குப் பக்கத்தில் மயக்கக் காற்றைப் பிடித்து, அவள் கண் சொருகினதும் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவு மூடியது.

மற்றவர்களும் பின்னாலேயே வந்துசேர, அந்தக் கதவுக்கு வெளியே நாங்கள் நான்கு பேரும் நின்றோம். கம்பி டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய கையில் இருந்த போனில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. புகைப்படம் எங்கே, ஏன் இன்னும் போடவில்லை என்று உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் போனை வாங்கி அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் மூடுவதற்குக் குரல்வளைக்கு மேலே ஒரு சின்ன மூடி இருக்கிறது என்றும், கிருமி தாக்கி அது வீங்கி மூச்சு வழியை அடைத்துக்கொண்டிருந்தது என்றும் சொன்னார். குழாய் போட்டாயிற்று, இனி பயமில்லை. மருந்து ஏறி வீக்கம் வடிந்ததும் குழாயை எடுத்துவிடலாம். தடுப்பூசி வந்தபிறகு பிள்ளைகளுக்கு இது மிகவும் குறைந்துவிட்டது, அதனால் டாக்டர்களுக்கே சட்டென்று தோன்றாது என்றார். தொண்டை வலியோடு கடும் காய்ச்சல், ஒழுகுகிற எச்சில், அமுங்கின குரல், முன்னால் குனிந்து உட்காருவது என்று அவர் அடுக்கியபோது பெரிய டாக்டரின் விரல்கள் தன்னையறியாமல் மடங்கின. காலையில் மடங்கின அதே விரல்கள்.

குழந்தையைச் சாய்க்காமல், தொண்டையில் கை வைக்காமல் கொண்டுவந்ததுதான் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்லி, கண்டுபிடித்தது யார் என்று அவர் கேட்டார்.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார். “நாங்க டாக்டர் குடும்பம்” என்றார்.

அந்த ஆளை என்ன செய்வது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைக் கடித்துக் குதறலாம் போலவும் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் பாராட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போனதும் பெரிய டாக்டர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் தோற்ற பரீட்சையில் இந்தக் கேள்விதான் வந்திருந்தது, திரும்ப எழுதும்போது அந்தப் பக்கத்தை உருப்போட்டேன் என்றார் இவர். எப்போது தெரிந்தது என்று அடுத்த கேள்வி வந்தது. மேலே பால் குடிக்காமல் எச்சிலை ஒழுகவிட்டபோதே சந்தேகம், நாற்காலியில் அவள் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்ததும் நிச்சயம் என்றார்.

பெரிய டாக்டரின் குரல் உடைந்துபோயிருந்தது. “அப்பவே என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா, நான் சொன்னது தப்புன்னு காட்டறதுக்காகவே நீங்க அவ வாயைத் திறந்து பாத்திருப்பீங்கப்பா.”

இவர் கோபமாகச் சொல்லவில்லை. பல் எடுத்தபிறகு என்ன சாப்பிடலாம் என்று பேஷன்ட்டுக்குச் சொல்வாரே, அதே தன்மையான குரல். பெரிய டாக்டருக்கே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் தூரத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பி டாக்டர் பின்னாலேயே போய் அவருடைய பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கியது இவர். முட்டாள் வேஷம் போட்டு அவர்களை இழுத்துப் பிடித்தது இவர். அப்பாவின் கையைப் பிடித்ததும் இவர்தான். இவர் இல்லாவிட்டால் என் மகள் அந்த நாற்காலியிலேயே போயிருப்பாள். நன்றி சொல்லவேண்டும் என்றுதான் எழுந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“சரி, உங்கப்பாகிட்ட சொல்லல. மேல வச்சே சந்தேகம்னா, என்கிட்ட ஏன் சொல்லல?”

இவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன், உண்மையாகவே காத்திருந்தேன். அப்பாவுக்கு வைத்திருந்த மாதிரி எனக்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்று நம்பினேன். மேலே அவ்வளவு நேரம் நான் துண்டை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தெருவில் இறங்கியிருப்பேன். இவருக்கு அதெல்லாம் புரிந்தது என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கண் நிறைந்து வழிந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்து, குழந்தையின் அம்மா மட்டும் உள்ளே வரலாம் என்றாள். நான் இவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.